ஷோப்பானின் முதல் சொனாட்டா பிடித்திருந்தால் தப்பா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் மாணவராக இருந்தபோது எழுதிய சி மைனர் பியானோ சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட படைப்பு; ஓபஸ் 4, அதாவது படைப்பு எண் 4) நண்பர்களோடு கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் "பெயரை மறைத்துவிட்டால் இதை யாருமே கேட்க மாட்டார்கள்" என்றார். இன்னொருவர் "கவனிக்கப்படாத பொக்கிஷம்" என்றார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, மூன்றாம் பகுதி உங்களுக்கு ரொம்பப் பிடித்தது, அதைக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் எல்லோரும் சிரிப்பார்களோ என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பல வருடங்களாகப் பியானோ சொல்லித் தருகிறேன். இந்தச் சொனாட்டாவை முழுக்க வாசித்தும் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சியாளன் இல்லை, வாசிக்கிறவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். ஷோப்பான் பிறந்தது 1810. இந்தச் சொனாட்டா எழுதப்பட்டது 1827-28இல், வார்சாவில், யூசெஃப் எல்ஸ்னரிடம் அவர் இசையமைப்பு படித்துக்கொண்டிருந்தபோது. படைப்பும் எல்ஸ்னருக்கே சமர்ப்பணம். 1829இல் படிப்பு முடிந்தபோது எல்ஸ்னர் தன் அறிக்கையில் இவரைப் பற்றித் தனித்திறமை, இசை மேதை என்று எழுதிவைத்தார். அதனால் வாத்தியாருக்கு மாணவனின் அருமை தெரியாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு பகுதிகள்: சி மைனரில் ஒரு நீண்ட அலெக்ரோ (வேகமானது), ஈ ஃப்ளாட் மேஜரில் மினுவெட் (ஒரு பழைய நடன வகை), ஏ ஃப்ளாட் மேஜரில் லார்கெட்டோ (மெதுவானது), மறுபடி சி மைனரில் ப்ரெஸ்டோ (மிக வேகமானது). மொத்தம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகும்.

அச்சான கதையும் இந்த வாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. 1828இல் ஷோப்பான் இதை வியன்னாவில் இருந்த ஹாஸ்லிங்கர் என்ற பதிப்பாளருக்கு அனுப்பினார். மொட்சார்ட்டின் டான் ஜியோவானி ஓப்பராவிலிருந்து ஒரு மெட்டை எடுத்து, அதைப் பலவிதமாக மாற்றி எழுதிய வேரியேஷன்களும் அதே ஹாஸ்லிங்கரிடம் போயிருந்தன. வேரியேஷன்கள் 1830இல் ஓபஸ் 2 என்று வெளிவந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் 1831இல் இசையமைப்பாளர் ஷூமான், தொப்பியைக் கழற்றுங்கள், இதோ ஒரு மேதை என்ற பொருளில் எழுதினார். சொனாட்டா மட்டும் பெட்டியிலேயே கிடந்தது. பின்னாளில் ஷோப்பானுக்குப் பாரிஸில் பெயர் வந்தபிறகு ஹாஸ்லிங்கர் அதை வெளியிட முனைந்தார். அப்போது ஷோப்பான் இசையவில்லை. கடைசியில் அது வெளிவந்தது 1851இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. "பார்த்தீர்களா, அவரே இதை ஒதுக்கிவிட்டார்" என்று உங்கள் முதல் நண்பரின் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1830 டிசம்பரில் வியன்னாவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஷோப்பான் இந்த ஹாஸ்லிங்கரைப் பற்றி எரிச்சலோடு எழுதுகிறார்: என் படைப்புகளை அற்பமாகக் காட்டி இலவசமாக வாங்கிவிடப் பார்க்கிறார், இனி காசு கொடுத்தால்தான் ஆயிற்று என்று. ஆக, மறுத்ததற்குக் காரணம் படைப்பின் மீதான அதிருப்தியா, பதிப்பாளர் மேல் இருந்த கோபமா, இரண்டும் கலந்ததா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. அதிருப்தி நிச்சயம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்தை ஆதாரமாக வைத்து வாதாடக் கூடாது.

சரி, படைப்புக்கு வருவோம். எல்லாப் புத்தகத்திலும் வரும் குற்றச்சாட்டு முதல் பகுதியைப் பற்றியது. சொனாட்டா வடிவத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு கீயில் (சி மைனர் மாதிரி, ஒரு ஆதார ஸ்வரத்தைச் சுற்றி அமைந்த ஸ்வர வரிசை) ஆரம்பித்து, அதிலிருந்து விலகி வேறொரு கீயில் போய் உட்கார்ந்து, அங்கே இன்னொரு தீம் (அடிப்படை மெட்டு) கேட்டு, அப்புறம் பல இடம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஆரம்பித்த கீக்கே திரும்ப வேண்டும். அந்த விலகலும் திரும்பலும்தான் கேட்பவரை இழுத்துப் பிடிக்கின்றன. சி மைனரில் ஆரம்பித்தால் வழக்கமாக ஈ ஃப்ளாட் மேஜருக்குப் போவார்கள். இந்தச் சொனாட்டாவின் ஆரம்பப் பாதி முழுக்கச் சி மைனரிலேயே நிற்கிறது. அங்கே இங்கே எட்டிப் பார்க்கிறதே தவிர, வேறு எங்கும் நிலையாக உட்காரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று மூட்டையைக் கட்டியவன் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. அதைவிட விசித்திரம், திரும்பி வரவேண்டிய இடத்தில் முதல் தீம் சி மைனரில் வராமல் ஒரு படி கீழே, பி ஃப்ளாட் மைனரில் வருகிறது. போகவேண்டிய நேரத்தில் போகவில்லை, வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. நண்பர்கள் கேட்கும்போது "எங்கேயோ சலிப்பாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால், பாதிக் காரணம் இதுதான்.

இது நடந்திருக்கிறது என்பது நிச்சயம். ஏன் நடந்தது என்பதில்தான் சண்டை. வார்சாவில் படித்த பையனுக்கு வியன்னாக்காரர்களின் சொனாட்டா வடிவம் சரியாகப் பிடிபடவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. இதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். அடுத்து 1828-29இல் எழுதிய ஜி மைனர் ட்ரையோவிலும் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்கும் எழுதியது) முதல் பகுதியின் ஆரம்பப் பாதி அதே கீயைவிட்டு நகர மறுக்கிறது. 1830இல் வந்த ஈ மைனர் கான்செர்ட்டோவில் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) இரண்டாம் தீம் ஈ மேஜரில்தான் வருகிறது, அதாவது அதே ஆதார ஸ்வரத்தின் மேல். கீ மாறுவதெல்லாம் பின்னால், அந்தத் தீம் திரும்ப வரும்போதுதான். அந்தக் கான்செர்ட்டோவை இன்றும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள், யாரும் சலித்துக்கொள்வதில்லை. அதே சமயத்தில் எழுதிய எஃப் மைனர் கான்செர்ட்டோவில் இரண்டாம் தீம் வழக்கப்படி ஏ ஃப்ளாட் மேஜருக்குப் போகிறது. அப்படியானால் வழக்கம் அவருக்குத் தெரியும். தெரிந்தே வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார். எல்ஸ்னர் சொல்லி அப்படிச் செய்தாரா, சொந்த ஆசையா என்பது யாராலும் நிரூபிக்க முடியாத விஷயம். இன்னொன்றையும் கவனியுங்கள். பிற்காலத்தில் எழுதிய இரண்டு பெரிய சொனாட்டாக்களிலும், அதாவது 1839இல் முடித்த பி ஃப்ளாட் மைனரிலும் 1844இன் பி மைனரிலும், முதல் தீம் அதன் சொந்த வடிவத்தில் திரும்பி வருவதே இல்லை. நேராக இரண்டாம் தீமிலிருந்து திரும்பல் தொடங்குகிறது. வீடு திரும்பும் சடங்கை வழக்கப்படி செய்வதில் இந்த மனிதருக்குக் கடைசிவரை ஆர்வம் இல்லை போலிருக்கிறது. அந்தக் கண்ணோட்டத்தில் ஓபஸ் 4இன் பி ஃப்ளாட் மைனர் வெறும் தவறாகத் தெரிவதில்லை, சரியாக வராத ஒரு முயற்சியாகத் தெரிகிறது.

என்னுடைய குறை வேறு. வாசிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் பிரச்சினை கீ அல்ல, நெரிசல். ஆரம்பத்தில் வரும் சின்ன ஸ்வரக்கூட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே, நடுவே, பாஸில் என்று எல்லாக் குரல்களிலும் அதையே வேலை வாங்குகிறார். பாஹின் இன்வென்ஷன்களை (குரல்கள் பின்னிச் செல்லும் சின்னப் படைப்புகள்) வாசித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உடனே தெரியும். ஷோப்பான் சிறுவயதிலேயே பாஹ் வாசித்து வளர்ந்தவர்தான். ஆனால் பாஹிடம் இரண்டு குரல் என்றால் இரண்டும் காதில் தனித்தனியாக விழும். இங்கே நடுக்குரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகர்கின்றன, மேலே ஒரு மெட்டு மூச்சு விட இடமே இல்லை. வாசிப்பவருக்குக் கை நோகும். கேட்பவருக்கு அந்தக் கஷ்டம் தெரியவே தெரியாது, வெறும் கனமாகத்தான் கேட்கும். இரண்டு வருடத்துக்குள் அவர் ஓபஸ் 10 எட்யூட்களை (பயிற்சிப் படைப்புகளை) எழுதத் தொடங்கிவிட்டார். அவை இதைவிடக் கடினமானவை, ஆனால் கையின் இயல்பைத் தெரிந்துகொண்டு எழுதியவை. நீங்கள் படும் பாடு ஒவ்வொன்றும் ஒலியாகத் திரும்பிக் கிடைக்கும். ஓபஸ் 4இன் முதல் பகுதியில் அந்தக் கணக்கு இன்னும் வசப்படவில்லை. பொக்கிஷம் என்று சொன்ன நண்பர் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒரு வாரம் வாசித்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

மினுவெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஷோப்பான் எழுதியதாக நமக்குத் தெரிந்த ஒரே மினுவெட் என்பதுதான் அதன் பெரிய சிறப்பு. நடுவில் வரும் ஈ ஃப்ளாட் மைனர் பகுதி கொஞ்சம் கவனிக்கத் தக்கது. மற்றபடி வீட்டுப்பாடம்.

இப்போது உங்கள் மூன்றாம் பகுதி. இங்கேதான் வாதமே மாறுகிறது. லார்கெட்டோவின் தாளக்குறி 5/4. முழுப் பகுதியும் ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஐந்து அடி. அந்தக் காலத்தில் இது மிகவும் அபூர்வம். சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்ஃபனியில் வரும் 5/4 பகுதியைத்தான் பலரும் உதாரணம் காட்டுவார்கள், ஆனால் அது 1893. 18 வயதுப் பையன் 65 வருடம் முன்னால் இதைச் செய்திருக்கிறான். ஆனால் அபூர்வம் என்பதற்காக மட்டும் அதைப் புகழ வேண்டியதில்லை. வேடிக்கைக்காக 5 அடி வைத்து எழுதுவது பெரிய காரியமில்லை. கர்நாடக இசையின் ஐந்தடித் தாளமான கண்ட சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு ஐந்து ஒரு புதுமையும் இல்லை. நம் கண்ட சாபுவில் இரண்டு-மூன்று என்று தட்டு தெளிவாக விழும், அந்தத் துள்ளலே அழகு. ஷோப்பான் அதற்கு நேர்மாறாகப் போகிறார். இரண்டும் மூன்றுமாக எங்கே பிரிகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாதபடி மெட்டை இழைக்கிறார். நாலில் முடியவேண்டிய வாக்கியம் இன்னும் ஒரு அடி நீள்கிறது, அந்தக் கூடுதல் அடியில் மெட்டு கொஞ்சம் தயங்கிவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. பின்னாளில் நாக்டர்ன்களில் (இரவின் மனநிலையில் அமைந்த பியானோ படைப்புகளில்) வாசிப்பவர் தன் இஷ்டப்படி நேரத்தை நீட்டிக் குறைக்கும் ருபாட்டோ என்று எதைக் கொண்டாடுகிறோமோ, அதை இங்கே அவர் தாளத்துக்குள்ளேயே எழுதிவைக்கப் பார்க்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு அனுபவத்திலிருந்து வந்த கருத்து. ஷோப்பான் எங்கும் அப்படிச் சொல்லவில்லை.

இதோடு இன்னொரு விஷயம். முதல் பகுதியில் மூச்சுத் திணறிய மெட்டுக்கு இங்கேதான் இடம் கிடைக்கிறது. இடது கை ஒதுங்கி நிற்கிறது, வலது கை பாடுகிறது, பாட்டின் மேல் மெல்லிய அலங்கார ஸ்வரங்கள் வருகின்றன. எஃப் மைனர் கான்செர்ட்டோவின் லார்கெட்டோவைக் கேட்டவர்களுக்கு இந்தக் குரல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. குறை இல்லையா? இருக்கிறது. நடுவில் அது எங்கே போகிறது என்று தெரியாமல் அலைகிறது. ஒரு உச்சத்தை எட்டவேண்டிய இடத்தில் எட்டாமலே அடங்கிவிடுகிறது. முதிர்ந்த நாக்டர்ன் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் இளைத்துத்தான் தெரியும். ஆனால் உங்கள் காதில் கோளாறு இல்லை. நான்கு பகுதிகளில் ஷோப்பான் ஷோப்பானாக ஒலிப்பது இதில்தான், நீங்கள் அதைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

கடைசிப் பகுதியில் எனக்கும் சக வாசிப்பாளர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ப்ரெஸ்டோவில் வேகமும் ஆத்திரமும் இருக்கிறது, மேடையில் கைதட்டு வாங்கித் தரும், அதனால் இதுதான் சிறந்த பகுதி என்பார்கள். நல்ல கையில் கேட்டால் எனக்கும் முதல் இரண்டு நிமிடம் அப்படித்தான் தோன்றும். அப்புறம் அதே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பாதியாக வெட்டியிருந்தால் அருமையான முடிவு என்றிருப்பேன்.

உங்கள் நண்பர்களின் இரண்டு வாதங்களுக்கும் ஒரு வார்த்தை. "பாவம், 18 வயசு" என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஓபஸ் 2 வேரியேஷன்களை எழுதியபோது அவருக்கு 17தான், அதில் இந்தத் தடுமாற்றம் எதுவும் இல்லை. மெண்டல்சன் என்ற இசையமைப்பாளர் தன் ஆக்டெட்டை (எட்டு கருவிகளுக்கானது) எழுதியது 16 வயதில். வயது காரணமாக இருந்தால் எல்லாவற்றிலும் தெரிந்திருக்க வேண்டும். பழக்கமில்லாத வடிவம், அதுவும் வாத்தியாருக்குக் காட்டவேண்டிய வடிவம் என்பதுதான் பொருத்தமான காரணம். வேரியேஷனும் ரோண்டோவும் போலிஷ் நடனங்களும் அவருக்குக் கைவந்தவை, சொனாட்டா அப்படியில்லை.

"பெயரை மறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் இது இன்று ஒரு நூலகத்து அலமாரியில்தான் இருந்திருக்கும். ஆனால் அதே அளவுகோலை வைத்தால் 1828இல் இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டின் நிலையையும் பார்க்க வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் வியன்னாவில் அவர் தன் கடைசி மூன்று சொனாட்டாக்களை முடித்தார், அவற்றில் முதலாவதும் சி மைனர்தான். நவம்பரில் இறந்துபோனார். அவை அச்சேறியது 1839இல். ஒரே ஊரில், ஒரே சமயத்தில், இரண்டு சி மைனர் சொனாட்டாக்கள் அச்சேறாமல் காத்துக்கிடந்திருக்கின்றன. ஒன்று அந்த வடிவத்தின் உச்சங்களில் ஒன்று, மற்றது ஒரு மாணவனின் முயற்சி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஓபஸ் 4 தோற்றுப்போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அச்சாகாமல் கிடந்தது என்பதோ, யாரும் கேட்கவில்லை என்பதோ தரத்துக்குச் சான்று ஆகாது என்பதும் அப்போது புரியும்.

ஆக என் தீர்ப்பைக் கேட்டால், முழுச் சொனாட்டாவாக இது நிற்காது, லார்கெட்டோ நிற்கும். பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன் போன்றவர்கள் ஷோப்பானின் இரண்டாவது, மூன்றாவது சொனாட்டாக்களைப் பதிவு செய்துவிட்டு இதை விட்டுவிட்டது எனக்கு ஆச்சரியமில்லை. வார்சாவில் நடக்கும் ஷோப்பான் போட்டியிலும் சொனாட்டா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த இரண்டிலிருந்துதான். ஆனால் ஷோப்பானின் எல்லாப் படைப்புகளையும் பதிவு செய்த அஷ்கெனாசி, மகலாஃப், ஓல்சன் ஆகியோரிடம் இது கிடைக்கும். லேய்ஃப் ஓவெ ஆன்ட்ஸ்னெஸ் இளம் வயதில் மூன்று சொனாட்டாக்களையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார். முதலில் அதைக் கேளுங்கள் என்பேன், நடுக்குரல்களின் நெரிசலை முடிந்தவரை வெளிச்சமாக்குகிறார்.

கற்றுக்கொள்ளும் விஷயம். தாராளமாக லார்கெட்டோவை மட்டும் எடுங்கள், தனியாக வாசிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. பாடெரெவ்ஸ்கி பதிப்பின் சொனாட்டாத் தொகுதியில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன, அதிலிருந்து வாசிக்கலாம். எண்ணும்போது "ஒண்ணு-ரெண்டு, ஒண்ணு-ரெண்டு-மூணு" என்று பிரிக்காதீர்கள், என் மாணவர்கள் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், அப்படிச் செய்தால் மெட்டு நொண்டும். முதலில் வலது கையின் மெட்டை மட்டும் வாயால் பாடிப் பாருங்கள், எண்ணவே வேண்டாம். மூச்சு எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடது கையைச் சேர்த்து, ஒரு பாரை ஐந்தாக ஒரே மூச்சில் எண்ணுங்கள். அலங்கார ஸ்வரங்களைக் கடைசியில் சேர்த்தால் போதும், அவை இல்லாமலே மெட்டு நகர்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெடலைக் குறைவாகவே போடுங்கள், நடுவில் ஹார்மனி வேகமாக மாறும் இடங்களில் எல்லாம் குழைந்துவிடும். ஏற்கெனவே ஈ மைனர் நாக்டர்ன் அளவுக்கு வாசிப்பவராக இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். முதல் பகுதியை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த உழைப்பை ஓபஸ் 10இல் ஒரு எட்யூடுக்குப் போட்டால் கைக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் நல்லது.